சூடானா ஸ்டார்ட் ஆகாத புல்லட்டும் எத்தனால் பல்லவியும்

இந்த தடவை யூகேல இருந்து ஊருக்குப் போனதுல பேங்க் வேலை, பத்திர ஆபீஸ் வேலை எல்லாம் நம்ப முடியாத அளவுக்கு சுளுவா முடிஞ்சிருச்சு, அதுல எழுத ஒண்ணும் இல்ல. என் உசுரை வாங்கினது அப்பாவோட 1988 மாடல் புல்லட்தான்.

காலைல எந்தப் பிரச்சனையும் கிடையாது. பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக் போட்டு, கரண்ட் காட்டுற ஆம்ப் மீட்டர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெதுவா அமுக்கி, சிலிண்டர் காத்தை வெளிய விடுற டிகம்ப்ரசரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுட்டு முழுசா ஒரு மிதி. டப் டப்புனு பிடிச்சிரும், அந்த சத்தம் கேட்டதும் அம்மா முகத்துல வர்ற சிரிப்பு இருக்கே, அதுக்காகவே டிக்கெட் போட்டு வரலாம். ஆனா கடைத்தெரு வரைக்கும் போய் எஞ்சின் சூடாகி, ஆஃப் பண்ணிட்டு காய்கறி வாங்கிட்டு வந்து மிதிச்சா அவ்ளோதான், செத்த பொணம். சில நேரம் ரிவர்ஸ் கிக் வேற அடிக்கும், முட்டி பேந்துரும். அரைமணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சந்தை வாசல்ல நின்னு வேர்வை ஊத்த மிதிச்சுட்டிருக்கும்போது போறவன் வர்றவன் எல்லாம் நின்னு வேடிக்கை பாத்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்றான்.

வைத்தியம்னா என்ன, ஒரே வைத்தியம்தான், இப்ப ஊர்ல வண்டிக்கு என்ன நோவு வந்தாலும் பெட்ரோல்ல கலக்குற எத்தனால்தான் காரணமாம்! சித்தப்பா சொல்றார், ஆட்டோ அண்ணன் சொல்றார், பங்க்ல பெட்ரோல் போடுற தம்பியே சொல்றான். சரி, அதுல நியாயம் இல்லாம இல்ல. பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கணும்னு 2030க்கு முதல்ல வெச்சிருந்த இலக்கை 2025லயே எட்டிட்டாங்க, பழைய வண்டியோட ரப்பர் பாகங்களுக்கு அது ஆகாது, ரொம்ப நாள் நிறுத்தி வெச்சா தண்ணியை இழுத்து டேங்க் துருப்பிடிக்கும். யூகேல 2021 செப்டம்பர்ல ஈ10 (10 சதவீதம் வரைக்கும் எத்தனால்) கொண்டு வந்தப்போ பழைய வண்டிக்காரங்களுக்காக சூப்பர் பெட்ரோல்ல ஈ5ஐ (5 சதவீதம் வரைக்கும்) விட்டு வெச்சாங்க, காசு கூட ஆனாலும் அதைப் போட்டுக்கலாம். இங்க பெரும்பாலான பங்க்ல அந்த சாய்ஸே கிடையாது, அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனா பெட்ரோல்தான் காரணம்னா காலைல மட்டும் எப்படிங்க பிடிக்குது? இதை யார்கிட்ட கேட்டாலும் பதில் இல்ல, "அது அப்படித்தான் தம்பி"ங்கிறாங்க.

மச்சான் பேச்சைக் கேட்டு புதுசா வந்திருக்கிற ஒரு சர்வீஸ் சென்டர்ல விட்டேன், எல்லா கம்பெனி வண்டியும் பாப்பாங்களாம். ஏசி ரூம், காபி மெஷின், டோக்கன், வாட்ஸ்அப்ல ஃபோட்டோ, அடடா நம்ம ஊர் முன்னேறிருச்சுனு நானும் ரெண்டு பேருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன். பிளக் மாத்தினாங்க, ஏர் ஃபில்டர் மாத்தினாங்க, பெட்ரோல் டியூப் மாத்தினாங்க, கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினாங்க, கடைசில பேட்டரியையும் மாத்திட்டாங்க. வண்டியை எடுத்துட்டு வந்து சூடான பிறகு ஆஃப் பண்ணி மிதிச்சா... அதே கதை. திரும்பிப் போய் கேட்டா "பெட்ரோல் அப்படி சார்"னு அந்த டை கட்டின தம்பி சிரிக்கிறான். சூடா இருக்கும்போது ஒரு தடவை மிதிச்சுப் பாத்தீங்களாப்பானு கேட்டேன், டெஸ்ட் ரைடு போனோம் சார்ங்கிறான். அட, ஓடினா ஓடுதுய்யா, நிறுத்தினாதானே பிரச்சனை! கழட்டின பழைய பிளக்கைக் குடுங்கன்னேன், தூக்கிப் போட்டாச்சாம்.

கடைசில அது சரியானது பஸ் ஸ்டாண்ட் பின்னாடி ஒரு தகர ஷெட்ல. பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம், வண்டி அவனுக்கு அண்ணன் முறை. வந்ததும் ஸ்பேனரை எடுக்கல, "அண்ணே, பச்சையா இருக்கும்போது பிடிக்குதா, சூட்டுல பிடிக்கலையா?"னு கேட்டான். அவ்ளோதான், எனக்கு பாதி உசுரு வந்திருச்சு. ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கிட்டு வந்து ஆஃப் பண்ணி மிதிச்சான், பிடிக்கல. உடனே பிளக்கைக் கழட்டி என் கையில குடுத்தான், நல்லா ஈரமா இருந்துச்சு. "பெட்ரோல் வருதுண்ணே, கரண்ட்டுதான் வரல". பிளக்கை எஞ்சின் ஹெட்டோட ஒட்டி வெச்சு மிதிச்சா நீலமா வர வேண்டிய பொறி மஞ்சளா இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பாயிண்ட் (கரண்ட்டை வெட்டி வெட்டி பிளக்குல பொறி வர வைக்கிற சுவிட்ச்) கவரைத் திறந்து, வெளிச்சம் விழாம ஒரு சாக்கைப் பிடிக்கச் சொல்லி, கிக்கரை அமுக்கினான். பாயிண்ட் பிரியுற ஒவ்வொரு தடவையும் அங்க பளிச் பளிச்னு வெட்டுது. அந்த வெட்டு பிளக்குல வரணும், பாயிண்ட்ல வரக்கூடாது, இங்க வந்தா, பாயிண்ட்ல பொறி வெட்டாம பாத்துக்கிற கண்டன்சர்ங்கிற சின்ன பாகம் காலினு அர்த்தமாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்து அவன் பண்ணினதுதான். புதுசு வாங்கச் சொல்லல. டப்பாக்குள்ள கிடந்த ஒரு பழைய கண்டன்சரை எடுத்து, அதோட வயரை பாயிண்ட் டெர்மினல்ல கோத்து, பாடியை எஞ்சின்ல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு "இப்ப மிதிங்கண்ணே"ன்னான். பிடிச்சிருச்சு! சூட்டுலயே! அதுக்கப்புறம்தான் புதுசு போட்டான், அதையும் எஞ்சின் சூடு படாத மாதிரி டேங்குக்குக் கீழ தள்ளி மாட்டினான். கருகிக் குழி விழுந்திருந்த பாயிண்டை எமரி பேப்பர் வெச்சுத் தேச்சு, இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் விட்டு 0.35 மில்லிமீட்டர் கேப் வெச்சு, பொறி எப்ப விழணும்ங்கிற டைமிங்கையும் பாத்துட்டான். புல்லட்டுக்கு பாயிண்ட் கேப் மாறினா டைமிங்கும் மாறும்ங்கிறதையே அந்த ஏசி ரூம்ல யாரும் வாயைத் திறந்து சொல்லல.

யூகேல இந்த மாதிரி வண்டியைத் தொடுற ஆளைக் கண்டுபிடிச்சு, அப்பாயின்மெண்ட் வாங்கி, மணிக்கணக்கு லேபர் குடுத்து... நினைச்சாலே கண்ணைக் கட்டுது. ஆனா அங்க என்ன மாத்தினோம், ஏன் மாத்தினோம்னு பில்லுல எழுதித் தருவான். இந்தத் தம்பிகிட்ட பில் கேட்டா சிரிக்கிறான், காசையும் "பாத்துக் குடுங்கண்ணே"ங்கிறான், இந்த "பாத்து"க்கு எவ்ளோனு வெளிநாட்டுல இருந்து வர்றவனுக்கு எப்படிப்பா தெரியும்?

பாயிண்ட் வண்டி வெச்சிருக்கிறவங்க டூல் பாக்ஸ்ல ஒரு கண்டன்சர் போட்டு வைங்க, வாங்கினதும் மாட்டி சூட்டுல ஓட்டிப் பாத்துட்டு வைங்க, புதுசுலயே மட்டமானது நிறைய வருதுனு அவனே சொன்னான். அடுத்த தடவை ஆர்சி ரினியூவல் வேலை இருக்கு. 15 வருஷம் தாண்டின வண்டினா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல நிக்கணும், யூகேல 40 வருஷம் ஆன வண்டிக்குப் பொதுவா எம்ஓடி டெஸ்டே (வருஷா வருஷம் வண்டி ஓட்டத் தகுதியா இருக்கானு பாக்குற சோதனை) தேவையில்ல. அந்தக் கூத்தைப் போயிட்டு வந்து எழுதுறேன்.