எண்ணூர் தூசியில் எட்டு வருடம்: என் பழைய பிக்கப்பும் ஏர் ஃபில்டரும்

வண்டி 2009 மாடல் பொலீரோ பிக்கப், 2523 சிசி டர்போ டீசல். 2017-ல் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன், அப்போது மீட்டரில் 1,62,000 கி.மீ., அதுவும் மீட்டரை நம்பினால்தான். வட சென்னையில் சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஆங்கிள், சேனல், தகடு ஏற்றி வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, மாதவரம் பக்கத்துப் பட்டறைகளில் இறக்குவதுதான் தினப்படி வேலை. நடுநடுவே அத்திப்பட்டு, மீஞ்சூர் லோடும் வரும். இந்த எட்டு வருடத்தில் ஏர் ஃபில்டரை நாலு விதமாக மாற்றிப் பார்த்துவிட்டேன். அதில் இரண்டு தண்டம், ஒன்று அரைகுறை, இப்போது இருப்பது பரவாயில்லை. இதே மாதிரி பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் என் காசிலேயே பாடம் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் என்ன நிறம் இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011-ல் கோர்ட் உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது, ராயபுரம் பக்கம் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு நிம்மதி, ஆனால் கரி எங்கே போயிற்று, எங்கள் எண்ணூர் பக்கம்தான் வந்தது. அத்தோடு அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு மார்க்கெட்டின் துருப்பொடி, எல்லாவற்றுக்கும் மேலே கடல் உப்பு.

இதையெல்லாம் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழு கொள்ளளவையும் உள்ளே இழுக்கும். அப்படியானால் 2000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு 150 கன மீட்டர். பத்துக்குப் பத்து அறை ஒன்றைப் பத்தடி உயரத்துக்கு எடுத்துக்கொண்டால், அந்த மாதிரி ஐந்து அறைக் காற்று. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வேலை செய்யும்போது இன்னும் அதிகம். அவ்வளவையும் வடிகட்டுவது ஒரு அட்டைக் காகிதம். கண்ணுக்குத் தெரியும் மணல் பெரிய எதிரி இல்லை. 5 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும் பொடிதான் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவரான லைனருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலத்துக்குள் புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தலைமுடியே 70 மைக்ரான் பக்கம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் செய்த தப்பு ரொம்பச் சாதாரணமானது, எல்லோரும் செய்வது. 220 ரூபாய்க்கு ஒரு லோக்கல் பேப்பர் ஃபில்டர் வாங்கிப் போட்டேன், பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழற்றி பஞ்சர் கடையில் கம்ப்ரஷர் காற்று அடித்து மாட்டினேன். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று பெருமை வேறு. பேப்பரை உள்ளிருந்து வெளியேதான் ஊத வேண்டும், அதுவும் 30 பிஎஸ்ஐக்குள். பஞ்சர் கடைப் பையன் நூற்றுக்கு மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே அடிப்பான், தூசியை இன்னும் ஆழமாக ஆணி அடிக்கிற வேலை. ஒருநாள் இரவு கரண்ட் போன நேரத்தில் ஃபில்டருக்குள் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தால் மடிப்பு ஓரமெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாக வெளிச்சம். அப்புறம்தான் தெரிந்தது, பேப்பர் ஃபில்டர் லேசாக அழுக்கானபின்தான் இன்னும் நன்றாக வடிகட்டும், படிந்த தூசியே ஒரு சல்லடையாகிவிடும். சும்மா சும்மா திறப்பதால் லாபம் இல்லை, திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்தில் உதிரும்.

அடுத்தது 2018-ல் செய்த பைத்தியக்காரத்தனம். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாணா, வண்டி மூச்சு முட்டினு கீது, காத்து குடுணா அதுக்கு" என்றார். சரி என்று ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு எண்ணெய் தடவிய பருத்தி கோன் ஃபில்டர் ஒன்றை வரவழைத்து, ஃபில்டர் உட்காரும் டப்பாவையே தூக்கிக் கடாசிவிட்டு டர்போ ஹோஸில் நேராக மாட்டினோம். சத்தம் இருக்கிறதே, அது மட்டும் சூப்பர். டர்போ விசிலடிப்பது வண்டிக்குள் கேட்கும், திருவொற்றியூர் தேரடியில் நின்றால் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மாதம் வண்டி பறப்பதாகவே நம்பினேன். மைலேஜ் நோட்டைப் பார்த்தால் முன்பும் 11.5, பின்பும் 11.5.

ஏன் என்று புரிய எனக்கு நாளானது. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டர் காற்றைத்தான் திறந்து மூடும். பழைய டீசலில் அப்படி ஒரு கதவே கிடையாது, பம்ப் எவ்வளவு டீசல் கொடுக்கிறதோ அவ்வளவுதான் இழுவை, காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே போகிறது. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் சாம்பாரில் தண்ணீர் ஊற்றின கதைதான். அதற்கும் அண்ணனிடம் பதில் இருந்தது, பம்ப் ஸ்க்ரூவைத் திருப்பிவிடலாம் என்றார். திருப்பினால் இழுவை வரும், கூடவே கரும்புகையும் வரும். நம்ம மாதிரி பி.எஸ். 3 (பழைய மாசு விதி) வண்டிக்குப் புகைச் சோதனையில் 65 எச்.எஸ்.யூ. (புகையின் கருமை அளவு) வரைதான் அனுமதி, எஃப்.சி.க்கு நிற்கும் அன்று யார் பதில் சொல்வது? வேண்டாம் என்றுவிட்டேன்.

வாய்ச்சொல்லை விட்டுவிட்டு அளந்தே பார்ப்போம் என்று தோன்றியது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் இருக்கிறதே, அதில் பத்தடி வாங்கி, ‘ப’ எழுத்து மாதிரி பலகையில் வளைத்துக் கட்டி, பாதி வரை டிகாக்ஷன் கலந்த தண்ணீர் ஊற்றினேன். ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் பிளக் போட்டு மூடியிருந்த ஓட்டையில் செருகினேன், இன்னொரு முனை திறந்தபடி. என்ஜின் எவ்வளவு திணறி இழுக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு பக்கத் தண்ணீர் ஏறும், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அங்குலத்தில் படித்தால் போதும். ‘ப’வின் கால்களை ஆளுக்கு மூன்று அடிக்குக் குறையாமல் வையுங்கள், இல்லாவிட்டால் டிகாக்ஷனை டர்போ குடித்துவிடும். மச்சான் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, முழு லோடோடு மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலையில் மூன்றாவது கியரில் கடைசி வரை மிதித்தேன். "மாமா, ஏறுது மாமா, நிறுத்து" என்று அவன் கத்தின கத்தலை இப்போதும் சொல்லிச் சிரிப்போம்.

புது பேப்பர் ஃபில்டர் டப்பாவோடு 9 அங்குலம். கோன் ஃபில்டர் ஐந்தரை. 15,000 கி.மீ. ஓடின பேப்பர் 14. டர்போ டீசல்களுக்கு 25 அங்குலம் வந்தால் மாற்று என்பது பொதுவான கணக்கு, அப்படிப் பார்த்தால் அழுக்கானதாக நான் நினைத்து வீசிய பழைய ஃபில்டர்கள் எல்லாம் பாதி உயிரோடு இருந்தவை. இன்னொன்று, மூன்றரை அங்குலம் மிச்சம் என்று கோன் கம்பெனிக்காரன் விளம்பரம் செய்யலாம், ஆனால் காற்று மண்டலத்தின் மொத்த அழுத்தமே 407 அங்குலத் தண்ணீர். அதில் மூன்றரை என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை.

இந்த லாபத்துக்கு நான் கொடுத்த விலை என்ன தெரியுமா? திறந்த கோன் இழுப்பது பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை. ஒரு தெர்மாமீட்டர் ஒயரை அங்கே கட்டி வைத்துப் பார்த்தேன். வெளியே 38 டிகிரி, டிராஃபிக்கில் ஊரும்போது உள்ளே 66. சூடானால் காற்று விரியும், அந்த வித்தியாசத்தில் எட்டு சதவீதம் காற்று குறைவாகப் போகிறது. ஒன்றைப் பிடிக்கப் போய் எட்டை விட்டிருக்கிறேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஃபில்டர் தாண்டி ஹோஸின் உள்சுவரில் ஒரு விரல் அளவு வெள்ளை கிரீஸ் மெல்லிசாகத் தடவி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், செலவில்லாத சோதனை. எனக்கு கிரீஸ் மேல் கண்மை பூசின மாதிரி வந்தது. கோனுக்கு எண்ணெய் சரியாகத் தடவவில்லையோ என்று திரும்பவும் கழுவி, காயவைத்து, அளவாகத் தடவி ஒரு வாரம் பார்த்தேன், குறைந்தது, நிற்கவில்லை. பருத்தி வலை இதழ்கள் பெரிய தூசியைப் பிடிக்கும், பொடியைப் பிடிப்பதில் நல்ல பேப்பருக்கு ஈடு இல்லை. பந்தய வண்டிக்கு அது சரி, அங்கே என்ஜினை அடிக்கடி பிரிப்பார்கள். காமன் ரெயில் என்கிற புது மாதிரி டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு வம்பு உண்டு, காற்றை அளக்கும் சென்சார் இருந்தால் கூடுதல் எண்ணெய் அதில் போய்ப் படியும்.

2019-ல் கோனைக் கழற்றிவிட்டு, புதுப்பேட்டையில் அலைந்து பழைய டப்பா ஒன்றைத் தேடிப் பிடித்து, 600 ரூபாய்க்கு நல்ல பேப்பர் எலிமெண்ட் (டப்பாவுக்குள் வைக்கும் ஃபில்டர்) போட்டேன். கதை முடிந்தது என்று நினைத்து கிரீஸ் சோதனை செய்தால், அடப்பாவி, மறுபடியும் கறுப்பு! ஆனால் இந்தமுறை ஹோஸ் முழுக்க இல்லை, ஒரே பக்கத்தில் கோடு மாதிரி. என்னுடைய எட்டு வருட அனுபவத்தில் உருப்படியான விஷயம் இந்தக் கோடுதான். ஃபில்டர் வழியாக வரும் தூசி பரவலாக வரும், ஓட்டை வழியாக வருவது கோடாக வரும். கோட்டைப் பின்பற்றிப் போனால் எலிமெண்ட் உட்காரும் ரப்பர் பேக்கிங்கில் போய் நின்றது. பழைய டப்பாவின் விளிம்பு எங்கோ இடிபட்டு அரை மில்லிமீட்டர் நெளிந்திருந்தது, ரப்பர் அந்த இடத்தில் அழுந்தவே இல்லை. தட்டி நேராக்கினேன், பேக்கிங் மாற்றினேன், பாதி குறைந்தது. மீதிப் பாதி எங்கே என்று ஒரு வாரம் மண்டை காய்ந்து, கடைசியில் ஹோஸைத் தலைகீழாகத் திருப்பினேன். சாதாரண கிளிப் உப்புக் காற்றில் துருப்பிடித்து, பார்வைக்கு இறுகியிருப்பது போலவும் கையால் திருகினால் சுற்றுவதாகவும் இருந்தது. ஹோஸின் அடிமடிப்பில் ஒரு கீறல், வண்டி நிற்கும்போது மூடிக்கொண்டு, இழுக்கும்போது மட்டும் வாய் திறக்கும் கீறல். புது ஹோஸ், இரண்டு பக்கமும் எஸ்.எஸ். கிளிப். அடுத்த வாரம் கிரீஸ் தடவினபடியே வெள்ளையாக இருந்தது. எந்த பிராண்ட் ஃபில்டர் நல்லது என்று கேட்கிறவர்களிடம் முதலில் கிளிப்பைத் திருகிப் பாருங்கள் என்றுதான் இப்போதெல்லாம் சொல்கிறேன், அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

ஆனால் அதற்குள் தேய வேண்டியது தேய்ந்துவிட்டது போல. 2020-ல் 1,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்க ஆரம்பித்து, ரிங் பிஸ்டன் வேலை செய்ததில் நாற்பதாயிரத்துக்கு மேல் போயிற்று. முழுப் பழியையும் ஃபில்டர் மேல் போட மாட்டேன், வாங்கும்போதே அடிபட்ட வண்டிதான்.

இடையில் இன்னொரு அறிவாளித்தனம், டப்பாவுக்குக் காற்று இழுக்கும் குழாயை, அதாவது தும்பிக்கையை, வெட்டிக் குட்டையாக்கினால் காற்று தாராளமாக வரும் என்று வெட்டிவைத்திருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அதற்குக் கூலி கிடைத்தது. மழை விட்டபின் மணலி பக்கம் முழங்கால் தண்ணீரில் மெதுவாக விட்டேன், எதிரே ஒரு டாரஸ் லாரி வந்து அலை அடித்தது. வண்டி இரண்டு முறை திக்கியது, உடனே ஆஃப் செய்துவிட்டேன், மறுபடி சாவியைத் தொடவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் செய்த நல்ல காரியம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் அடித்தால் தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். டப்பாவைத் திறந்தால் ஃபில்டர் மோரில் ஊறின அப்பளம் மாதிரி. நல்லவேளை தண்ணீர் ஹோஸைத் தாண்டவில்லை.

2024 ஆரம்பத்தில் இருந்து இப்போது இருக்கும் செட்டப். தும்பிக்கையைக் கேபினுக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு ஏற்றி, அதன் தலையில் டிராக்டர் பானெட் மேல் பார்ப்போமே, அந்தக் கண்ணாடிக் கிண்ணம் வைத்த பிரீ கிளீனர். புதுப்பேட்டையில் 600 ரூபாய், பேரம் பேசி 450. உள்ளே இருக்கும் சாய்வான தகடுகள் காற்றைச் சுழற்றிவிடும், கனமான தூசி ஓரத்துக்கு ஒதுங்கிக் கிண்ணத்தில் விழும், லேசானது மட்டும் பேப்பருக்குப் போகும். குழாய் கொஞ்சம் பெரிசாக எடுங்கள், நான் முதலில் போட்ட இரண்டு அங்குலக் குழாயில் டியூப் லெவல் 17 காட்டியது, மூன்று அங்குலம் போட்டதும் பத்துக்கு இறங்கியது. அழகு கெட்டுவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள், உண்மைதான், பின்னாலிருந்து பார்த்தால் வீட்டுச் சிம்னி மாதிரி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டுவது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அந்த வாரம் எங்கே ஓடினேன் என்று நிறத்திலேயே தெரியும். அத்திப்பட்டு லோடு என்றால் கறுப்பு, சாத்தங்காடு மட்டும் என்றால் செங்கல் நிறம், சிமென்ட் ஏற்றின வாரம் சாம்பல். போன வாரம் மூன்றும் கலந்து இருந்தது. 21,000 கி.மீ. ஆகியும் டியூப் லெவல் 12 தான் காட்டுகிறது. புது எலிமெண்ட் வாங்கி நாலு மாதமாக சீட்டுக்கு அடியில் கிடக்கிறது, இன்னும் கவர்கூடப் பிரிக்கவில்லை.