மாட்டுக் கொட்டகைக்குக் கீற்றா, தகரமா?

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊரில் கொட்டகை போடுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது.

செலவு: கீற்றுக்குக் குறைவு, சொந்தத் தோப்பு இருந்தால் இன்னும் குறைவு. தகரம் என்றால் இரும்புக் குழாய், வெல்டிங் கூலி என்று முதலிலேயே மொத்தமாகப் போய்விடும்.

உழைப்பு: கீற்றை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும். தகரம் பல வருடம் நிற்கும். ஆனால் கடலோர ஊர் என்றால் உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும்.

வெயில்: இங்கேதான் கீற்றின் அருமை. போன கத்திரியில் தகரத்தின் கீழ் எங்கள் பசு நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கியது. மேலே பழைய கீற்றைப் பரப்பினோம், சாயங்காலமே படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டது.

புயல்: 2011 டிசம்பர் 30, தானே புயலில் இரண்டுமே பறந்தன. பறக்கிற தகரம் கத்தி மாதிரி, அதுதான் பயம்.

அப்புறம் ஒன்று. கீற்று முடைய அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் திண்ணையில் கூடுவார்கள். ஊறிய மட்டை வாசனையும் பேச்சுமாகப் பொழுது போகும். தகரத்துக்கு அது கிடையாது.

மாட்டுக்கு மட்டும் என்றால் கீற்றுதான். முந்திரி மூட்டை அடுக்கணும், பக்கத்தில் அடுப்பு எரியும், வேய ஆள் இல்லை என்றால் தகரம் போடுங்கள், கொக்கி போல்ட்டை நெருக்கமாக முடுக்கச் சொல்லுங்கள்.