பி1 மாத்திரை: எந்த வடிவம், யாருக்கு?

வைட்டமின் பி1இன் இன்னொரு பெயர் தயமின். அதன் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் மூன்று பெயர்களில் ஒன்று இருக்கும்: தயமின் ஹைட்ரோகுளோரைடு, தயமின் மோனோநைட்ரேட், பென்ஃபோடயமின்.

முதல் இரண்டுக்கும் நடுவே எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ரோகுளோரைடு தண்ணீரில் சட்டென்று கரையும். ஊசி மருந்துக்கு அதுதான். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மோனோநைட்ரேட் அப்படி இழுக்காது, கெடாமல் நிற்கும். மாவில் கலப்பதற்கும் மல்டிவைட்டமின் மாத்திரைக்கும் அதைத் தேடுவது இதனால்தான். வயிற்றுக்குள் போய்விட்டால் இரண்டும் ஒரே தயமின்.

பென்ஃபோடயமின் கதை வேறு. பூண்டோடு தயமின் சேரும்போது உடல் எளிதில் உறிஞ்சும் பொருள் ஒன்று உருவாவதை 1950களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தத் தேடலின் தொடர்ச்சியாக வந்த செயற்கை வடிவங்களில் இதுவும் ஒன்று. சாதாரண தயமினைக் குடலிலிருந்து உள்ளே கொண்டுபோகும் கடத்திகள் கொஞ்சமாகத்தான் சுமக்கும். 100 மி.கி. விழுங்கினால் சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும். பென்ஃபோடயமின் குடல் சுவரைச் சுலபமாகக் கடந்து, இரத்தத்தில் தயமினைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

விளம்பரங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. இரத்தத்தில் ஏறுவது ஒன்று, கால் எரிச்சல் குறைவது வேறொன்று. சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அந்த வலி உள்ளவர் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். வெறும் பற்றாக்குறையை நிரப்ப இது தேவையில்லை என்பேன்.

நிரப்ப வேண்டியதே எவ்வளவு? ஒரு நாளைக்கு ஆணுக்கு 1.2 மி.கி., பெண்ணுக்கு 1.1, கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் 1.4. முழுதானியமும் பருப்பும் பன்றி இறைச்சியும் சாப்பிடுகிறவருக்கு இது தட்டிலேயே கிடைத்துவிடும், மாத்திரையே வேண்டாம். தட்டின் பலவீனம் தவிட்டில் இருக்கிறது: தீட்டினால் பி1 போய்விடும். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால்கள் துவண்டதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறியதையும் கவனித்த டச்சு மருத்துவர் எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வேகவைக்கும்போது சமையல் சோடா போட்டாலும் பி1 அழியும். உடலின் கையிருப்போ சுமார் 30 மி.கி.தான், வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும்.

மதுப்பழக்கம் முற்றியவர், வாரக்கணக்கில் வாந்தி எடுப்பவர், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோருக்கு மேலே சொன்ன ஒப்பீடே பொருந்தாது. குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு என்று வந்தால் அது பி1 குறைவால் மூளைக்கு வரும் வெர்னிக்கே பாதிப்பாக இருக்கலாம். அப்போது மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஊசிதான், அதுவும் உடனே. குளுக்கோஸை ஆற்றலாக்கவே தயமின் வேண்டும். அதனால் இவர்களுக்குத் தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகக்கூடும்.

பி காம்ப்ளெக்ஸ் போட்டவர்கள் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதைப் பார்த்து, பி1 வேலை செய்கிறது என்று திருப்திப்படுவதுண்டு. அந்த மஞ்சள் பி2வான ரைபோஃபிளேவின் தருவது. தயமின் வெளியேறும்போது நிறமே காட்டாது.