மறுபடி பார்ப்பதா, மறைத்துவிட்டுக் கேட்பதா?

தேர்வு நெருங்கினால் பாட வீடியோவை மறுபடி ஓடவிடுவது ஒரு வழி. ஆன்கி போன்ற செயலியில் கேள்வி அட்டைகளைப் புரட்டுவது இன்னொரு வழி.

வீடியோ சுகமானது. புரியாத பாடத்தை முதல் தடவை புரிந்துகொள்ள அதுதான் சரி. சிக்கல் மூன்றாவது தடவையில் வருகிறது. எல்லாம் பார்த்த முகமாகத் தெரிவதால், பாடம் மண்டையில் ஏறிவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

அட்டை அப்படி விடாது. ‘சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகு எது?’ என்று திரையில் வரும். விடை நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. கொஞ்சம் தவித்து ‘நெஃப்ரான்’ என்று எடுத்துவிட்டால், அந்தத் தவிப்புதான் நினைவை உறுதியாக்குகிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள்; திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் போனதும் தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56.

நாம் மறக்கப்போகும் நேரம் பார்த்துச் செயலி அட்டையைத் திரும்ப நீட்டுகிறது. இடையில் வரும் தூக்கத்தில் மூளையில் நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி கற்றதை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. ஒரே இரவில் நான்கு தடவை வீடியோ பார்க்கும் பிள்ளைக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை, பாவம்.

ஆனால் புரியாததை அட்டையாக்கினால் வெறும் உருப்போடல்தான். அதனால் என் மகளிடம் நான் சொல்வது இதுதான்: வீடியோ ஒரு தடவை, அப்புறம் அட்டைகளை நீயே எழுது. அடுத்தவர் செய்துவைத்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளாதே.