ஏரியலைக் கழற்றிப் பார்த்த பிறகே கார் ரேடியோ செட்டைப் பற்றிப் பேசிய கடை

கொடைக்கானல் மலையில் இருக்கும் பெருமாள்மலையிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவையாவது வத்தலக்குண்டுக்கு இறங்கி ஏறுகிறவன் நான். போன வருடம் வாங்கிய கார் 2012 மாடல், நான் மூன்றாவது ஓனர். இன்ஜின் நன்றாக இருக்கிறது, ரேடியோதான் தொல்லை. குமிழைத் திருகிக் கூட்டினால் சத்தம் குறையும், குறைத்தால் திடீரென்று அலறும். திரையில் பாதி எழுத்து இல்லை. ஊத்து என்ற ஊரைத் தாண்டிக் கீழே இறங்கினால் கோடை பண்பலை 100.5 வெறும் இரைச்சல். அங்கேயே டீக்கடை ரேடியோவில் அதே பாட்டு கணீரென்று ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ மாவட்டங்களுக்கு எட்டுகிற நிலையம், அது நிற்கிற மலையிலேயே என் வண்டிக்குள் மட்டும் கேட்காது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது வழி முழுக்க அவருக்கு ரேடியோதான் துணை. அதனால் எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் விசாரித்த இடத்தில் 9 இன்ச் ஆண்ட்ராய்டு திரையைத்தான் காட்டினார்கள். கொண்டை ஊசி வளைவில் கண் சாலையில் இருக்க, கை தடவிப் பிடிக்கிற குமிழ் எனக்கு வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. போர்டு வெளுத்துப்போய்ப் பெயர் தெரியவில்லை, வாசலில் பழைய பேட்டரிகள் அடுக்கியிருக்கும். அந்த அண்ணனிடம் புது செட் விலை கேட்டேன். "செட்டு அப்புறம் பார்ப்போம் தம்பி, வண்டியக் காட்டுங்க" என்றார். கூரையில் இருந்த ஏரியல் கம்பியைத் திருகிக் கழற்றினார். அடியில் மரை முழுக்கப் பச்சைக் களிம்பு. "பனியிலயும் மழையிலயும் நிக்கிற வண்டி, தண்ணி இறங்காம இருக்குமா?" உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து மாட்டினார். பழைய செட்டிலேயே இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது. "இப்பவும் மாத்தணுமான்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். விற்க வேண்டியவர் இப்படிக் கேட்டதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. குமிழுக்காகவும் திரைக்காகவும் மாற்றிவிடலாம் என்றேன்.

பழைய செட்டை வெளியே இழுத்தபோதுதான் பெரிய விஷயம் தெரிந்தது. மஞ்சள் வயருக்கு எப்போதும் கரண்ட் வரும், கடிகாரமும் சேமித்த நிலையங்களும் மறக்காமல் இருக்க அது வேண்டும். சிவப்பு வயருக்குச் சாவி போட்டால்தான் வர வேண்டும். சாவி இல்லாமலே பாட்டுக் கேட்க யாரோ சிவப்பை வெட்டி மஞ்சளோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். செட் முழுதாக அணையவே இல்லை, நின்ற இடத்திலேயே பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. டிசம்பரில் நான்கு நாள் நிறுத்தி வைத்துவிட்டு, விடியற்காலைக் குளிரில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு வண்டி தள்ளியதும், பேட்டரி செத்துவிட்டதென்று 5,200 ரூபாய்க்குப் புதிது வாங்கியதும் அப்போது ஞாபகம் வந்தது. மனசு வலித்தது.

வண்டி வயரை இனிமேல் வெட்டவே கூடாது என்றார் அண்ணன். முறுக்கியதைப் பிரித்து, சிவப்பை அதன் இடத்திலேயே சேர்த்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டார். வண்டி வயருக்கும் புது செட்டுக்கும் இடையில் ஒரு கப்ளர், அதாவது வயர்களைச் சேர்க்கும் பிளக். நாளைக்கு வேறு செட் மாற்றினாலும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வயர்களில் வெள்ளை, சாம்பல் முன்பக்கம், பச்சை, ஊதா பின்பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பாட விட்டுக் காட்டினார். செட்டின் முதுகிலும் ஒரு பட்டையை போல்ட் போட்டு முடுக்கினார். முன்னால் மட்டும் பிடித்திருந்தால் மலைச்சாலைக் குலுக்கலில் ஆடுமாம்.

செட் சிங்கிள் டின் (உயரம் குறைவான, ஒற்றை அளவு), புளூடூத், யுஎஸ்பி, பெரிய குமிழ். பெட்டியில் போட்டிருக்கும் 50 வாட் உச்ச அளவுதான், தொடர்ந்து வருவது அதில் பாதிகூட இல்லை, அதைப் பார்த்து வாங்காதீர்கள் என்றும் சொன்னார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பழைய செட்டின் ஓட்டை பெரிது என்பதால், சுற்றியுள்ள இடைவெளியை மூட ஒரு பிரேம் வேண்டியிருந்தது. அது மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆனது, மறுபடி இறங்க வேண்டியதாயிற்று. பிரேமின் கறுப்பு டாஷ்போர்டின் கறுப்போடு ஒட்டவில்லை. இரண்டு மணி நேர வேலை என்றது நான்கு மணி நேரம் இழுத்தது. உட்கார ஒரு ஸ்டூல்தான், பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

செட் 5,800, பிரேம் 900, கப்ளர் 350, கூலி 700, ஆக 7,750 ரூபாய். ஏரியலுக்குக் காசு வாங்கவில்லை.

திரும்பும்போது டம்டம் பாறையில் நிறுத்தினேன். மூடுபனியில் எதிரே அருவி தெரியவில்லை, 100.5 துல்லியமாகக் கேட்டது. போன வாரம் ஐந்து நாள் வண்டியை எடுக்கவில்லை. ஆறாம் நாள் காலை ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது.