சிட்னியின் வட கடற்கரைக்கு ஒரு நாள்: வழிகாட்டியுடனா, சொந்தக் காரிலா, பேருந்திலா?

ஊரிலிருந்து பெற்றோரோ மாமனார் மாமியாரோ சிட்னிக்கு வந்தால் ஓப்பரா மாளிகை, பாண்டை கடற்கரை, நீல மலை ஆகிய மூன்றும் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். அடுத்து எங்கே என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, மான்லியிலிருந்து பாம் பீச் வரை வடக்கே நீளும் கடற்கரைகளும், பிட்வாட்டர் என்னும் நீர்ப்பரப்புக்கு அப்பால் மேற்கே உள்ள கு-ரிங்-காய் சேஸ் தேசியப் பூங்காவும்தான். இவற்றை ஒரே நாளில் பார்ப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன: வழிகாட்டியுடன் சிறுகுழுவாக வேனில் செல்வது, சொந்தக் காரையோ வாடகைக் காரையோ ஓட்டிச் செல்வது, அரசுப் பேருந்தையும் படகையும் நம்பிச் செல்வது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கார் இருந்தும், என் பெற்றோர் வந்திருந்தபோது வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாவையே தேர்ந்தெடுத்தேன். இன்னொரு முறை யாராவது வந்தாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். காரிலும் அதே பாதையில் சென்றிருக்கிறேன் என்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கடற்கரைகளைப் பொறுத்தவரை மூன்று வழிகளுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஃபிரெஷ்வாட்டர், கர்ல் கர்ல், டீ வை, நாரபீன், நியூபோர்ட், பில்கோலா, அவலான், வேல் பீச் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருபவை யார் அழைத்துச் சென்றாலும் அதே அலைகளும் அதே பொன்னிற மணலும்தான். கடலில் இறங்கி நீந்த வேண்டும் என்பதே நோக்கமானால் சுற்றுலா வேன் உங்களுக்கு ஏற்றதன்று. ஒவ்வோர் இடத்திலும் படம் எடுத்துக்கொள்ளவும் கால் நனைக்கவும் மட்டுமே நேரம் கிடைக்கும். நம் பெரியவர்களில் பலருக்குக் கால் நனைத்தாலே போதும் என்பது வேறு விஷயம்.

செலவிலும் ஐயத்துக்கு இடமில்லை. சுற்றுலாக் கட்டணம் ஒருவருக்கு நூறு டாலரை எளிதில் தாண்டிவிடும். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் கணக்கு கனக்கும். காரில் சென்றால் பூங்காவுக்குள் நுழைய ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு 12 டாலர், பெட்ரோல், கடற்கரைகளில் வண்டி நிறுத்தும் கட்டணம், திரும்பும்போது துறைமுகப் பாலத்தின் சுங்கம் ஆகியவற்றோடு முடிந்துவிடும். பேருந்து எல்லாவற்றிலும் மலிவானது. ஓப்பல் என்னும் பயண அட்டைக்கு நாளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருப்பதும், வெள்ளி முதல் ஞாயிறு வரை அந்த வரம்பு இன்னும் குறைவாக இருப்பதும் தெரிந்ததே. பணம் ஒன்றே அளவுகோல் என்றால் இந்த அலசலை இத்துடன் நிறுத்திவிடலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. அந்தப் பூங்காவின் பாறைகளில் பழங்குடி மக்கள் செதுக்கி வைத்துள்ள உருவங்களைக் காண முடிகிறதா, கண்டால் ஏதேனும் விளங்குகிறதா என்பதே அது. இந்தப் பயணத்தைச் சிட்னியைச் சுற்றியுள்ள மற்றக் கடற்கரைப் பயணங்களிலிருந்து வேறுபடுத்துவது இந்தப் பாறைகள்தான் என்பதால், மற்றதை எல்லாம் இதற்கு அடுத்ததாகவே நான் வைக்கிறேன்.

இந்தப் பூங்காவின் நிலம் பெரும்பாலும் ஹாக்ஸ்பரி மணற்கல். மென்மையான அந்தக் கல்லின் மேல் கூரான கடினக் கல்லால் வரிசையாகக் குழிகளைக் கொத்தி, பின்பு அந்தக் குழிகளைத் தேய்த்து இணைத்து ஒரே பள்ளக்கோடாக ஆக்கி, மீன், வாலபி என்னும் சிறு கங்காரு, திமிங்கிலம், கேடயம், மனித உருவம் ஆகியவற்றின் வெளிவரையை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே நிறமோ நுணுக்கமோ பெரும்பாலும் கிடையாது. பல நூற்றாண்டுக் காற்றும் மழையும் அந்தக் கோட்டைத் தேய்த்திருக்கின்றன, பாசி படர்ந்திருக்கிறது. ஆகவே நல்ல வெயிலில் பாறையின் விளிம்பில் நிற்கும் ஒருவர், தம் காலடியிலிருந்து சில அடி தூரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலான உருவம் ஒன்று கிடப்பதை அறியாமலே திரும்பிவிட முடியும். பூங்காவின் பேசின் நடைபாதையில் உள்ள பாறைத்தளத்துக்குக் காரில் சென்றபோது, தகவல் பலகையைப் படித்துவிட்டு நாங்கள் கண்டது ஓரிரு மீன்களை மட்டுமே. அதே தளத்தில் வழிகாட்டி எங்களை ஓரமாகச் சுற்றி அழைத்துச் சென்று, எந்தப் பக்கம் நின்று எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்று காட்டியபோது ஆணும் பெண்ணுமாய் மனித உருவங்களும் வாலபிகளும் ஒவ்வொன்றாகத் துலங்கின. பலகை என்ன இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, எங்கே நின்றால் தெரியும் என்று சொல்வதில்லை.

இதில் வெளிச்சத்தின் பங்கு பெரிது. பள்ளக்கோட்டுக்குள் நிழல் விழுந்தால்தான் கோடு தெரியும். நிழல் விழ வேண்டுமானால் வெயில் சாய்வாக வர வேண்டும். எனவே காலையும் மாலையும் நல்ல நேரங்கள், நண்பகல் மிக மோசமான நேரம். சுற்றுலா வேன்களின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. நகரில் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைகளைப் பார்த்து முடித்துப் பூங்காவை அடையும்போது பெரும்பாலும் உச்சிவேளை கடந்துவிடுகிறது. காரில் செல்பவர் விடியற்காலையில் கிளம்பி முதலில் பாறைகளைப் பார்த்துவிட்டுப் பிறகு கடற்கரைக்கு வரலாம். இந்த வசதியை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் குறையை மாதத்தைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் பெருமளவு சரிக்கட்டலாம். சிட்னி ஏறத்தாழ 34 பாகைத் தென் அட்சரேகையில் இருப்பதால், டிசம்பரில் உச்சிவேளைச் சூரியன் ஏறத்தாழ 80 பாகை உயரத்தில், தலைக்கு நேர்மேலே நிற்பதுபோல் நிற்கும். ஜூனிலோ அதே வேளையில் அது வடக்கு வானில் 33 பாகை அளவுக்கே எழும். அதாவது குளிர்காலத்தில் நண்பகல் வெயிலே சாய்வெயில்தான். நாங்கள் சென்றது ஜூலையில்; உணவுக்குப் பிந்தைய நேரத்திலும் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. கோடைக்காலத்தில் இதே சுற்றுலா இதே அளவுக்குப் பயன்தருமா என்பதை நான் அனுபவித்துச் சொல்லவில்லை; தராது என்றே கருதுகிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வடக்கு நோக்கிச் செல்வதால், கடல்முனைகளில் நிற்கும்போது தூரத்தில் நீர்த்தாரை எழுவதைக் காணும் வாய்ப்பும் கூடுதலாகக் கிடைக்கிறது.

காண்பது ஒரு பாதி; விளங்குவது மறு பாதி. அதே பூங்காவில் உள்ள வெஸ்ட் ஹெட் காட்சிமுனையில் நின்றால் எதிரே பாரன்ஜோயி குன்றும் அதன் மேல் 1881இல் கட்டிய கலங்கரை விளக்கமும், இடப்புறம் புரோக்கன் விரிகுடாவும் லயன் தீவும் விரிந்து கிடக்கும். அழகான காட்சி என்பதற்கு யாருடைய துணையும் வேண்டாம். ஆனால் நம் கண்முன் உள்ள அந்த நீர்ப்பரப்பு ஒரு காலத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்காக இருந்தது என்பதும், கடந்த பனியூழி முடிந்து கடல் உயர்ந்தபோது அது மூழ்கியது என்பதும், கடல் முன்னேறி வந்த அந்தக் காலத்திலும் இங்கே மக்கள் வாழ்ந்திருந்தார்கள் என்பதும் தெரிந்த பிறகு அந்தக் காட்சியே வேறாகிவிடுகிறது. 1788 மார்ச்சில் பிரிட்டிஷ் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் படகுகளில் வந்து பார்த்த விரிகுடா இதுதான். பிட்வாட்டருக்குப் பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட்டின் பெயரை அவரே சூட்டினார். அடுத்த ஆண்டு, 1789இல், பெரியம்மை பரவிச் சிட்னியைச் சுற்றியிருந்த பழங்குடி மக்களில் மிகப் பெரும் பகுதியினரைக் கொன்றது. இதே புரோக்கன் விரிகுடாப் பகுதியைச் சேர்ந்த புங்கரீ என்ற பழங்குடி மனிதர், கடலாய்வாளர் மாத்தியூ ஃபிளிண்டர்சுடன் கப்பலேறி ஆஸ்திரேலியக் கண்டத்தைச் சுற்றிவந்தார். இவை நூலகத்தில் கிடைக்காத செய்திகள் அல்ல. ஆனால் எழுபது வயதைக் கடந்த என் தந்தை நூலகத்தில் படித்துவிட்டு வரப்போவதில்லை. அந்த இடத்தில் நின்றபடி ஒருவர் சொல்லக் கேட்டதும், வழிகாட்டியிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வழிகாட்டிகள் எல்லோரும் ஒரு தரத்தினர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். கடற்கரை, காட்சிமுனை, பழங்குடி மரபு மூன்றையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாக்களில், வழிகாட்டி பழங்குடி இனத்தவராக இருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். பழங்குடி வழிகாட்டி கிடைத்தால் கூடுதல் கட்டணம் கொடுத்தாலும் தகும். அப்படிக் கிடைக்காதபோது நான் கவனிப்பது ஒன்று உண்டு. ஒவ்வோர் உருவத்துக்கும் தயங்காமல் ஒரு கதை சொல்லும் வழிகாட்டியை நான் நம்புவதில்லை. பெரியம்மையும் அதைத் தொடர்ந்த நிலப்பறிப்பும் பல குலங்களைச் சிதறடித்த பகுதி இது. எந்த உருவம் எதற்காகச் செதுக்கப்பட்டது என்பது பல இடங்களில் இன்று உறுதியாகத் தெரியாது, தெரிந்தவற்றிலும் வெளியாருக்குச் சொல்லத் தகாதவை இருக்கும். எங்களுக்கு வாய்த்தவர் சில உருவங்களின் முன் ‘இதன் பொருளைச் சொல்ல எனக்கு உரிமையில்லை’ என்று நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் சொன்ன மற்றவற்றின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. பாறையின் மேல் யாரையும் கால்வைக்க விடாததும், முற்காலத்தில் பார்வையாளர்கள் படம் எடுப்பதற்காகக் கோடுகளைச் சாக்கட்டியால் தீட்டிக் கெடுத்ததை விளக்கியதும் அவர் செய்த நல்ல காரியங்கள். இத்தகைய இடங்களைச் சேதப்படுத்துவது நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி குற்றம் என்றாலும், காரில் வருபவர்களில் சிலர் குழந்தைகளைப் பாறை நடுவில் நிறுத்திப் படம் எடுப்பதை அன்றும் பார்த்தோம்.

இனி காரைப் பற்றி. தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இங்கே ஓட்டுவது கடினமன்று. இடப்புறப் போக்குவரத்துதான், சுற்றுலாப் பயணியாக வந்தவர் ஆங்கிலத்தில் உள்ள இந்திய உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம். எதிர்பாராதது தூரம்தான். பாம் பீச்சில் நின்றால் வெஸ்ட் ஹெட் நீருக்கு அப்பால் கண்ணுக்கு எதிரே தெரியும். சாலையில் போகவோ தெற்கே மோனா வேல் வரை திரும்பி வந்து, சர்ச் பாயின்ட் வழியாகப் பிட்வாட்டரைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரத்துக்கும் மேல் ஓட்ட வேண்டும். பூங்காச் சாலையின் கதவை மாலையில் பூட்டிவிடுவார்கள் என்பதையும், உள்ளே பல இடங்களில் செல்பேசி இணைப்பு அறுந்துபோகும் என்பதையும் முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும். கோடை வார இறுதிகளில் பாம் பீச்சில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு தனி வேலை. இவ்வளவும் இருந்தாலும், சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கும், புளியோதரைப் பொட்டலத்தோடு நினைத்த இடத்தில் உட்கார விரும்புபவர்களுக்கும் காரே பொருத்தம். அப்படிச் செல்பவர்கள் எக்கிட்னா நடைபாதையையும் சேர்த்துக்கொள்ளலாம். சாலைக்கு அருகிலேயே குறுகிய மரப்பலகைப் பாதை இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் பாறைச் செதுக்கலைப் பார்த்துவிட முடியும். ரெஸல்யூட் உணவுத்திடலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் காவி தெளித்துப் பதித்த கைகளின் உருவங்கள் உள்ள பாறைக்குடையும் உண்டு. பாரன்ஜோயி குன்றின் மேல் ஏறுவது மட்டும் பெரியவர்களுக்கு வேண்டாம்.

பேருந்தைப் பொறுத்தவரை, நகர மையத்தில் உள்ள வின்யார்டிலிருந்து மோனா வேல் வரை மஞ்சள் நிற மாடிப் பேருந்துகளும், மான்லியிலிருந்து பாம் பீச் வரை 199ஆம் எண் பேருந்தும் ஓடுவதால் கடற்கரைகளுக்கு எந்தக் குறையும் இல்லை. நகரின் படகுத்துறையான சர்குலர் கீயிலிருந்து மான்லிக்குப் படகில் சென்று அங்கிருந்து 199இல் ஏறுவது, காசுக்கு மேல் இன்பம் தரும் பாதை என்றே சொல்வேன். சிக்கல், வெஸ்ட் ஹெட்டுக்குப் பேருந்தே கிடையாது என்பதில் இருக்கிறது. பாம் பீச்சிலிருந்து தனியார் படகில் பேசின் என்ற துறைக்குச் சென்று, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல், தொடக்கத்தில் செங்குத்தாக ஏறினால் செதுக்கல் பாறையை அடையலாம். அந்தப் பாதையில் மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறேனே தவிர ஏறிப் பார்த்ததில்லை. நல்ல உடல்வலிமை உள்ள இளைஞர்களுக்கு இது ஒரு சிறந்த நாளாக இருக்கும் என்று எண்ணுகிறேன். பெரியவர்களை அழைத்துக்கொண்டு முயல மாட்டேன்.

காரும் இல்லை, சுற்றுலாக் கட்டணமும் கட்டுப்படியாகாது, ஆயினும் பாறைச் செதுக்கலைக் காண வேண்டும் என்பவர்களுக்கு வடக்கை விட்டுத் தெற்கே செல்வதையே பரிந்துரைப்பேன். ரயிலில் குரோனுல்லாவரை சென்று, அங்கிருந்து சிறு படகில் பண்டீனாவில் இறங்கி, ஜிப்பன் கடற்கரையைக் கடந்து நடந்தால், தராவல் பழங்குடி மக்களின் திமிங்கிலமும் திருக்கை மீனும் கங்காருவும் செதுக்கிய பாறை வரும். அங்கே பாறையை மிதிக்காமல் மேலிருந்து பார்க்க மரமேடை அமைத்து விளக்கப் பலகைகளும் வைத்திருக்கிறார்கள். காலைப் படகில் சென்றால் வெயில் சாய்வாக இருக்கும். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே துறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.