டிரான்ஸ்பார்மர் ஆயில் பில்டர் சர்வீஸ்: ஐந்துக்கு நான்கு ஸ்டார்

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் இருப்பது 11 கேவி, 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றே ஒன்று, உள்ளே சூட்டைத் தணிக்கவும் கரண்ட் தாண்டாமல் தடுக்கவும் 560 லிட்டர் ஆயில். அது படுத்தால் மில்லும் படுத்துவிடும்.

போன வருடம் வேறு ஒரு பார்ட்டி வந்து, ஆயிலைச் சூடாக்கி வாக்யூமில் ஈரமும் வாயுவும், பில்டரில் அழுக்கும் எடுக்கும் வேலையைப் பண்ணிவிட்டு, சாயங்காலமே ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பி.டி.வி., அதாவது ஆயில் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்ற டெஸ்ட், 72 கேவி (72,000 வோல்ட்). நானும் சந்தோஷமாக பைலில் போட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் சும்மா புரட்டிப் பார்த்தால் ஆறு ரீடிங்கும் 72, 72, 72 என்றே போகிறது. டெஸ்ட் மிஷினின் இரண்டு முனைகளுக்கு நடுவே இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஆயில் எத்தனை கேவியில் உடைந்து பொறி பாயும் என்பது ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறும், அதனால்தான் ஆறு எடுத்து சராசரி போடுகிறார்கள். ஆறும் ஒன்றாக வந்தால் டெஸ்ட் மிஷினைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

அதனால் இந்த முறை ஆளை மாற்றினேன். தீபாவளி லீவில் வரச் சொன்னால், "ஐப்பசி மழையில டேங்க்கைத் திறக்க வேண்டாங்க சார், ஈரம் உள்ளே போயிடும்" என்று கையில் வந்த வேலையையே தள்ளிப் போட்டார் போர்மேன். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், குட்டி யானையில் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் லேட், அது வேறு கதை.

எனக்குப் பிடித்தது அவர்கள் வேலையை ஆரம்பித்த விதம். ஈ.பி. சப்ளையை நிறுத்தியாச்சு, 11 கேவி லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்ச் திறந்து பூட்டியாச்சு, மிச்சக் கரண்டை மண்ணுக்கு இறக்கும் டிஸ்சார்ஜ் ராடு போட்டு எர்த்தும் பண்ணியாச்சு. பெரும்பாலானவர்கள் இதோடு மேலே ஏறிவிடுவார்கள். ஆனால் பில்டர் மிஷினின் ஹீட்டருக்குக் கரண்ட் வேண்டுமே, அது எங்கள் ஜெனரேட்டரிலிருந்துதான் வர வேண்டும். டிரான்ஸ்பார்மரின் குறைந்த வோல்ட் பக்கமான எல்.டி.யின் பிரேக்கர் தவறி மூடியிருந்தால் ஜெனரேட்டரின் 433 வோல்ட் தலைகீழாக உள்ளே ஏறி, மேலே போட்ட எர்த் நழுவினால் 11 கேவி வயர் இணையும் பீங்கான் புஷ்ஷிங்கில் 11,000 வோல்ட்டாக நிற்கும். போர்மேன் என்ன செய்தார் தெரியுமா, பிரேக்கரை வெளியே இழுத்து, பூட்டுப் போட்டு, எல்.டி. பக்கமும் தனியாக எர்த் அடித்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் "தம்பி, ஜெனரேட்டரைப் போடு" என்றார். சாயங்காலம் வரை அந்தச் சாவியை என்னிடம்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்தது சாம்பிள். உள்ளே கோளாறு இருந்தால் ஆயிலில் கரையும் வாயுக்களைப் பார்க்கும் டெஸ்டுக்கான ஆயிலை பில்டர் பண்ணுவதற்கு முன்னாலேயே கண்ணாடி சிரிஞ்சில் எடுத்துவிட்டார்கள். போன வருட ஆட்கள் பில்டர் முடிந்த பிறகு எடுத்தார்கள். வாக்யூம் வாயுவை எல்லாம் உறிஞ்சிய பிறகு எடுத்தால் ரிப்போர்ட் சுத்தமாகத்தான் வரும், அது என்ன டெஸ்ட்? உள்ளே பொறி பறந்திருந்தால் காட்டிக்கொடுப்பது அசிட்டிலீன், எங்களுக்கு அது இல்லை என்று வந்தது. ஆனால் அந்த ரிப்போர்ட் கைக்கு வர மூன்று வாரமும் நான்கு போனும் ஆனது.

கீழ் வால்வில் முதலில் வந்த ஆயிலை ஒரு டப்பாவில் வடித்துக் கொட்டிவிட்டு, அடுத்ததைத்தான் பாட்டிலில் பிடித்தார்கள். என் கண் முன்னால் பி.டி.வி.க்கு ஆறு ஷாட்: 24, 28, 22, 31, 26, 25. சராசரி 26. ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் மாதிரி டிரான்ஸ்பார்மருக்கு ஐ.எஸ். 1866 என்ற இந்திய தரநிலை கேட்பது குறைந்தது 30 கேவி. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது, இதை வைத்துக்கொண்டா ஒரு வருடம் ஓட்டினோம் என்று.

பில்டர் மிஷின் மணிக்கு 500 லிட்டர். ஆறு சுற்று ஓட்டினார்கள், ஆயில் சூடு 60 டிகிரியில். முந்தைய வேலை எந்த டிரான்ஸ்பார்மர் என்று நானே கேட்டேன், ஏனென்றால் பழைய டிரான்ஸ்பார்மர்களில் இருந்த பி.சி.பி. என்ற நச்சு ரசாயனம் கலந்த ஆயில் ஹோஸில் மிச்சம் இருந்தால் நம் ஆயிலும் கெட்டுவிடும், பி.சி.பி. பயன்பாட்டுக்கு அரசு வைத்த கெடுவே 2025 டிசம்பர் 31தான். போர்மேன் முகம் சுளிக்காமல் முந்தைய இடத்தின் ரிப்போர்ட்டைக் காட்டி, புது ஆயிலால் ஹோஸைக் கழுவியும் காட்டினார். ஏழு மணி நேரம் கழித்து 58, 64, 61, 66, 63, 60. ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்த நம்பர்களைப் பார்த்தபோது வந்த நிம்மதி அந்த 72-களில் வரவில்லை.

ஒரு ஸ்டார் எதற்குக் குறைத்தேன் என்றால், டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும் பிரீத்தரில், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் புது சிலிக்கா ஜெல் போட்டார்கள், நல்ல ஆரஞ்சு நிறத்தில், ஆனால் கீழே இருக்கும் குட்டி ஆயில் கப்பைக் காலியாகவே மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். அதில் ஆயில் இல்லை என்றால் வெளிக்காற்று நேராக ஜெல்லில் ஏறும், சீக்கிரமே எல்லாம் பச்சையாகிவிடும். கேட் வரை ஓடிப்போய் வண்டியை நிறுத்தினேன். எல்.டி. சாவியை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த மனிதர், "அடடா" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்து ஊற்றினார். ஜல்லியில் கொட்டிய ஆயிலைத்தான் அப்படியே விட்டுவிட்டார்கள், மறுநாள் மணல் போட்டு அள்ளியது எங்கள் ஆட்கள்.

ரேட் போன வருடத்தைவிடக் கூடுதல்தான், முதலாளி முணுமுணுத்தார். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த பங்குனிக்கும் இவர்களிடமே சொல்லி வைத்திருக்கிறேன், வரும்போது ஒரு மூட்டை மரத்தூளும் கொண்டு வரச் சொல்லி.